முதலாளியம்மா தம்பியின் பில்

பெயிண்ட் கடை மேஜையில் பில் குத்தும் கம்பி ஒன்று இருந்தது. புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்து, வாடிக்கையாளர் அனுப்பும் பணத்தை அந்தந்தப் பில்லோடு தானே சேர்த்து வரவு வைத்தது. அன்றிலிருந்து கம்பிக்குக் காயலான் கடை நினைப்பாகவே இருந்தது.

"இனிமே நீ எதுக்குண்ணே?" என்றது கம்ப்யூட்டர். "ஒரே ஒரு பில்லுக்குத்தான் பணம் வரல. அந்த ஆளுக்கும் நோட்டீஸ் அனுப்பிட்டேன்."

"எந்த ஆளு?"

"தேவசகாயம்."

"அடப்பாவி! முதலாளியம்மாவோட தம்பிடா அவரு!"

மறுநாள் முதலாளி வெறும் வயிற்றோடு கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் அந்தப் பில்லை அழித்தார். அதன் காகித நகலைக் கம்பியில் நறுக்கென்று குத்தினார்.

"ஐயோ, அந்தப் பில்லு எங்கே?" என்று பதறியது கம்ப்யூட்டர்.

"எங்கிட்டதான். அந்தம்மாவுக்கு இன்னும் மூணு தம்பிங்க இருக்காங்க" என்று நிமிர்ந்து நின்றது கம்பி.