நல்ல தண்ணி

பேக்கரி கழித்துப்போட்ட கண்ணாடிப் பெட்டிக்குப் பசை பூசி, சூசைராயன் ஒரேயொரு கடல்மீன் விட்டிருந்தான். குழந்தை போனபின் கட்டிலைவிட்டு எழாத அவன் மனைவி புளோரா அதை மட்டும்தான் பார்த்துக் கிடந்தாள். தண்ணீர் குறையும்போதெல்லாம் பஸ்ஸேறிப் போய்க் கேனில் கடல்நீர் பிடித்துவந்து ஊற்றினான். மீன் துவண்டது.

மீனை விற்ற கடைக்காரர், அவன் சொன்னதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொண்டார். “கொறைஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்கன்னுதானே சொன்னேன்?”

“கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே நல்லதுன்னு...”

“தண்ணிதாங்க வத்தும், உப்பு அங்கேயேதான் கெடக்கும். இனி ஒரு சொம்பு உப்புத்தண்ணி போனாலும் தாங்காது.”

வீட்டுக்கு ஓடினான். ஏழு மாதத்தில் முதன்முறையாக, புளோரா வாசல்வரை எழுந்து வந்திருந்தாள். கையில் கடல்நீர்க் கேன், காலியாக.

“தண்ணி கொறைஞ்சிருந்துச்சுங்க. நானே ஊத்திட்டேன்.” லேசாகச் சிரித்தாள்.

“நல்லது” என்றவன், பெட்டி அவள் கண்ணில் படாதபடி குறுக்கே போய் நின்றுகொண்டான்.