எழுத மறுத்த அட்டை

எழிலரசுவின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நினைவு அட்டை போன மாதம் எழுதுவதை நிறுத்திவிட்டது. பழையதெல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. புதிதாக எதுவும் பதியவில்லை. கடைசியாகப் பதிந்தது மனைவி பூங்கோதையுடன் போட்ட சண்டை. "உங்ககூட வாழ்ந்ததே தண்டம்" என்று அவள் கத்தியிருந்தாள். மறுநாளே சமாதானமானார்கள். அது அட்டையில் ஏறவில்லை.

அதனால் தினமும் காலையில் கண் விழித்ததும், "இன்னும் போகலையா நீ?" என்று அடிபட்ட முகத்தோடு கேட்டான். அவள் தினமும் மன்னிப்புக் கேட்டாள். மத்தியானத்துக்குள் அவன் முகம் தெளியும். தூங்கி எழுந்தால் பழையபடி ஆகிவிடும்.

மருத்துவமனையில் அட்டைகளைப் பழுதுபார்க்கும் நஸ்ரின் கணினியிலிருந்து அட்டைக்குக் கட்டளைகளை அனுப்பிப் பார்த்தாள். அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பியது.

"அந்த ஒரு நாளை மட்டும் அழிக்கச் சொன்னா கேக்க மாட்டேங்குதுக்கா. மொத்தமா அழிக்கிற கட்டளையை மட்டும்தான் ஏத்துக்குது. அதுக்கப்புறம் புதுசா எழுதும்."

"என்னையும் மறந்துருவாரா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"பேச்சு, நடையெல்லாம் இருக்கும். ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க."

எழிலரசு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்குக் காலையில மறுபடியும் உன்னை அழ வைக்கணுமா? அழிக்கச் சொல்லு, கோதை."

அவள் நஸ்ரினைப் பார்த்துத் தலையசைத்தாள்.

எல்லாம் அழிக்கப்பட்ட பின் கண் திறந்தபோது அவன் முகத்தில் அந்த வலி இல்லை. அந்நியப் பெண்ணின் கைக்குள் இருந்த தன் விரல்களைக் கூச்சத்தோடு விடுவித்துக்கொண்டான்.

"மன்னிக்கணும், நீங்க...?"

"உங்ககூட வந்திருக்கேன்" என்றாள் பூங்கோதை.