ஞாயிற்றுக்கிழமை நீர்மூழ்கி

"நீ தைரியமா பேசு. பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் உங்க அப்பா காதுல விழாது" என்றாள் அம்மா, துவைத்த துணிகளை மடித்தபடி.

மகள் அப்படியும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். சோபாவின் மறுமுனையில் அப்பா ரிமோட்டும் கையுமாக, நீர்மூழ்கித் தொடரின் பதினெட்டாவது வாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வைத்திருந்த சத்தத்துக்கு, இரண்டு வீடு தள்ளி இருப்பவர்கள் தங்கள் டி.வி.யை அணைத்துவிட்டுக் கதை கேட்கலாம்.

கடற்படை நீர்மூழ்கியில் இருபத்திரண்டு வருடம் சோனார் அறையில் இருந்தவர் அவர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடலுக்குள் எந்தப் பக்கம் என்ன சத்தம் என்று கேட்டுச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெறும்போது காதுகளைக் கடலிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டார் என்பது அம்மாவின் கணிப்பு. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று மாதமாகக் கத்துகிறாள், இன்னும் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. நீர்மூழ்கியைப் பற்றிக் கேட்டால் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்தத் தொடரைப் புனைபெயரில் எழுதுவதே அவருடைய மகள்தான்.

முதல் வாரமே சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அன்று கேப்டன் நீர்மூழ்கியின் ஜன்னல் வழியாக மீன்களை ரசித்தார். "ஜன்னலாம். திரைச்சீலை போடாம விட்டானே புண்ணியவான்" என்றார் அப்பா. எழுதின அறிவாளியை ஒரு மாதம் தண்ணிக்கு அடியில் பூட்டிவைக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். புண்ணியவான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முணுமுணுப்பதையெல்லாம், மடித்த துணிக் குவியலுக்குப் பின்னால் நோட்டை மறைத்துவைத்துக் குறித்துக்கொண்டாள். உள்ளே கேப்டன் கத்த மாட்டார், அவர் மெதுவாகச் சொன்னாலே எல்லோருக்கும் கேட்கும் அளவுக்குத்தான் இடம். ஒரே படுக்கையில் மூன்று பேர் முறைபோட்டுத் தூங்குவார்கள். புறப்படும்போது சாப்பாட்டு டின்களைத் தரையெல்லாம் பரப்பி அதன்மேல்தான் நடப்பார்கள், சாப்பிடச் சாப்பிடத்தான் தரை கண்ணுக்குத் தெரியும்.

சில வாரங்களில் அதெல்லாம் திரையில் வந்தது. "இப்பதான் இதை எடுக்கிற கம்பெனிக்குப் புத்தி வந்திருக்கு" என்று அப்பா ஒரு நாள் தலையாட்டினார். அன்றைக்கு மகள் இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிட்டாள்.

போன வாரம்கூட ஒரு குறை கண்டுபிடித்தார். பின்னால் யாரோ ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டானாம், நிஜ நீர்மூழ்கியாக இருந்தால் எதிரிக்கு அந்த ஒரு சத்தமே போதுமாம். மகள் அந்தக் காட்சியை மூன்று முறை ஹெட்போனில் ஓடவிட்டாள். இசைக்கு அடியில், இருக்கிறதா இல்லையா என்பதுபோல் ஒரு சின்னக் 'கிளிங்'. யாராவது குனிந்து எடுத்ததைப் பார்த்திருப்பார் என்று அப்பாவின் கண்பார்வையை மெச்சிக்கொண்டாள்.

இன்றைக்கு விஷயம் கொஞ்சம் பெரிது. கடைசி வாரத்தின் காட்சியை நாளைக் காலை கொடுக்க வேண்டும். தலைக்கு மேல் எதிரிக் கப்பல், கீழே நம்மவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். கடற்படைக்காரர்கள் சிரிக்கிற மாதிரி வந்தால் அடுத்த வருடத் தொடரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். அவளுக்கு எழுதக் கிடைத்த முதல் தொடரே இதுதான். எழுதியதை இதுவரை ஆறு தடவை கிழித்தாயிற்று.

வழக்கம்போல மகள் கிசுகிசுத்தாள், அம்மா அதைக் கத்தினாள். "என்னங்க, மேல எதிரிக் கப்பல் நிக்குது. கீழ நீங்க இருக்கீங்க. என்ன பண்ணுவீங்க?"

"துணி மடிக்கிற உனக்கு எதுக்கு இந்தக் கவலை?" என்றார் அப்பா. ஆனாலும் சொன்னார்.

முதலில், டி.வி.யில் காட்டுகிற மாதிரி 'பிங், பிங்' என்று சோனாரை அடிக்க மாட்டார்களாம். அது, இதோ இங்கேதான் இருக்கிறேன் என்று நாமே கையைத் தூக்குகிற மாதிரி. அவசியமில்லாத இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். வேலை இல்லாதவன் போய்ப் படுத்துக்கொள்வான். கதவைக்கூட யாரும் பட்டென்று சாத்த மாட்டான். மற்றபடி கேட்பது மட்டும்தான். மேலே யார், என்ன வேகம், எந்தப் பக்கம் திரும்புகிறான், எல்லாவற்றையும் காதே சொல்லிவிடும்.

"எல்லாம் தெரியும். ஆனா தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவே கூடாது" என்றார்.

"ஏன்?" என்று அம்மா கத்தினாள்.

"காட்டிக்கிட்டா அவன் உஷாராயிடுவான். அப்புறம் அவன் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தம் வராது."

துணிக் குவியலுக்குப் பின்னால் மகளின் பேனா ஓடியது. கேப்டனின் முகம், இருட்டு, யாரும் பேசாத அந்த நீளமான அறை, எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இனிமேல் கிழிக்க வேண்டியிருக்காது. ஒரே ஒரு கணக்குதான் பாக்கி.

அம்மாவின் காதோடு ஒட்டிக்கொண்டாள். அம்மாவுக்கே பாதிதான் கேட்டிருக்கும். "அந்த மாதிரி, கேட்டும் கேக்காம எவ்வளவு காலம் இருக்க முடியும்னு கேளும்மா."

அம்மா கத்துவதற்காக மூச்சை இழுத்தாள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா சொன்னார்:

"நான் பதினெட்டு வாரமா இருக்கேனே, பாப்பா."