மாயவன் மேல் ஒரு பிராது

“மருந்து, மாத்திரைன்னு எழுதிக்காதீங்க மேடம். நான் குடிய விட்டது பிராதுக்குப் பயந்துதான்!”

மாயவன் இப்படிச் சொன்னதும் அன்புக்கரசியின் பேனா நின்றது. புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காகக் குடிநோய் பற்றி ஆய்வு செய்கிறவள் அவள். போன வருஷம் விருத்தாசலத்தில் நடந்த குடிநோய் சிகிச்சை முகாமுக்கு வந்தவர்களில் யார் குடியை விட்டார்கள், எதனால் விட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். பல வீடுகளில் பெருமூச்சுதான் பதிலாகக் கிடைத்தது. முழுசாக விட்டவன் என்று அவள் கண்ணில் பட்ட முதல் ஆள் மாயவன்.

“பிராதா? போலீஸ்லயா?”

“போலீஸா இருந்தா சமாளிச்சிருப்பேனே! இது கொளஞ்சியப்பர் கோயிலு. நம்ம கொறைய சீட்டுல எழுதி அங்க இருக்கிற முனியப்பர் வேல்ல கட்டிட்டா, அப்புறம் அவரு பாத்துக்குவாரு. போன ஆடியில ஒருநாளு ஒயின் ஷாப்புல முண்டியடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ‘மாயவா, ஒன் குடிய நிறுத்தச் சொல்லி முனியப்பருகிட்ட பிராது கட்டியிருக்குப்பா’ன்னு ஒரு கொரலு. அந்தக் கூட்டத்துல யாரு சொன்னதுன்னே தெரியல. நீட்டுன கைய இழுத்துக்கிட்டு ஓடியாந்தவன்தான்.”

“யாரு கட்டினாங்க?”

மாயவன் அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினான். “வேற யாரு? மகராசி இன்னி வரைக்கும் ஒத்துக்கல.”

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான். “பாருங்க, நடுங்குதா? பீங்கான் கம்பெனியில ஃபியூஸ் கட்டை செய்யறேன். பச்ச மண்ணு, கை ஆடினா போச்சு. அப்பல்லாம் நான் செஞ்சத விட ஒடச்சதுதான் ஜாஸ்தி. இப்ப மொதலாளியே கூப்புட்டு டீ வாங்கிக் குடுக்கிறாரு. சரி மேடம், ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்.”

அவன் சைக்கிள் தெருவைத் தாண்டியதும் அவன் மனைவி பாஞ்சாலை டீயோடு வெளியே வந்தாள்.

“உங்கள மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காதுங்க” என்றாள் அன்புக்கரசி.

பாஞ்சாலையின் முகம் சுண்டிப்போனது. “நான் கட்டலம்மா.”

“என்னது?”

“சத்தியமா நான் கட்டல. சொந்தக்காரங்க, கம்பெனி ஆளுங்க, எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தரும் கட்டல. எவனோ ஒரு குடிகாரன் வெளையாட்டுக்குச் சொல்லியிருக்கான், இந்த மனுசன் நம்பிட்டாரு. பிராதே இல்லன்னு தெரிஞ்சா அன்னிக்கே மறுபடியும் கடைக்குப் போயிடுவாரு. ஒவ்வொரு நாளும் எனக்குத் திக்கு திக்குன்னு இருக்குது. நீங்க எதையாச்சும் எழுதப்போயி, அது அவரு காதுக்கு…”

“எழுத மாட்டேங்க” என்று அன்புக்கரசி பேனாவை மூடினாள்.

அந்த நேரம் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவருக்கு நாற்பது வயசு இருக்கும். புதுசாக அடித்த மொட்டையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

“மாயவன் வூடு இதுதானுங்களே?”

“ஆமாங்க. அவரு இப்பதான் வேலைக்குப் போனாரு. நீங்க?”

“எம் பேரு சக்கரபாணி. அவரு போவட்டும்னுதான் தெருமொனையில நின்னேன்.” விபூதிப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். “போன ஆடியில அவரு மேல பிராது கட்டுனேன். வருஷம் பூரா அவரு குடிக்காம இருந்தா முடி எறக்கறேன்னு வேண்டுதலு. எறக்கிட்டு நேரா வரேன்.”

பாஞ்சாலை டீயைத் திண்ணையில் வைத்துவிட்டு விபூதியை வாங்கிக்கொண்டாள். “அப்ப… நெசமாவே பிராது இருக்குதா?”

“இருக்குதும்மா. காரியம் முடிஞ்சா வாபஸ் வாங்கணும்பாங்க. நான் வாங்கல. அது பாட்டுக்கு அங்கயே கெடக்கட்டும். கடையில அவரு காதுல விழறாப்புல சொன்னதும் நான்தான்.”

“நீங்களும் அங்க குடிக்க வந்தவரா?” என்றாள் பாஞ்சாலை.

“ஐயோ, நான் ஒரு சொட்டு தொட்டதில்லம்மா.”

பாஞ்சாலை விபூதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அன்புக்கரசி தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். அடுத்தவன் குடி நிற்கத் தன் தலைமுடியைக் கொடுத்த மனிதரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“சார், நீங்க அவருக்கு என்ன உறவு?”

சக்கரபாணி கூச்சத்தோடு மொட்டையைத் தடவிக்கொண்டார்.

“ஒறவெல்லாம் இல்லீங்க. ஒயின் ஷாப்புல கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அவரு நடுங்குற கைய நீட்டுவாரு. இந்தப் பக்கம் நின்னு தெனமும் பாட்டில எடுத்துக் குடுத்தவன் நான்.”