வாளிக்கு அடியில் கிடைத்த கத்தி

புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அந்தப் பெண் உதட்டின் மேல் விரலை வைத்தாள். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெர்லினுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காதே என்கிறாள்.

புருஷன் கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து ஒரு கத்தியை உருவி மேஜையில் வைத்தான். இடது கை செத்ததுபோல் தொங்கியது. எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்தான்.

"என் பேரு ஆர்லோ. போன சனிக்கிழமை ஒரு வீட்டுல பழைய சாமான் விக்கற கராஜ் சேல்ல கிடைச்சுது சார். வாளி நிறைய துருப்பிடிச்ச ஸ்பானர், அதுக்கு அடியில கிடந்தது. என்ன கத்தி, எவ்வளவு போகும், பாத்துச் சொல்லுங்க."

வெர்லின் பார்க்கவே வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு பக்கத்து ஊர்ச் சந்தையில் அதை விற்றவனே அவன்தான். வாங்கியவள், இதோ, விரலை எடுக்காமல் நிற்கிற நடீன்.

அன்றைக்கு அவள் சொன்னது மறக்கவில்லை. "அவருக்குப் பழைய பட்டாளத்துக் கத்தின்னா உயிருங்க. பக்கவாதம் வந்ததிலேர்ந்து, 'கத்தி பாக்கற கண்ணும் போச்சு, எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாது'ன்னு படுத்தே கிடக்கறாரு. எங்க அக்கா வீட்டு கராஜ் சேல்ல இதை ஒளிச்சு வைக்கப் போறேன். அவரே கண்டுபிடிக்கட்டும்." எண்ணூறு டாலர் கொடுத்தாள். படுத்துக் கிடக்கிறவன் எங்கே வந்து கேட்கப்போகிறான் என்று வெர்லின் ஒரு போலியைக் கட்டிக் கொடுத்திருந்தான்.

படுத்துக் கிடந்தவன் எழுந்து வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஓஹையோவின் அந்தத் தகரக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. வெர்லினுக்குக் கால் வீங்கியிருந்தது, காப்பி ஆறிப்போயிருந்தது. இரண்டு நாளில் இரண்டு பெல்ட் பக்கிள்தான் போணியாகியிருந்தது. ஒரு பொய் சொல்லி இவனை அனுப்பினால் மூட்டை கட்டலாம். அதுவும் அவளே கேட்கிற பொய்.

கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். "நாப்பத்து மூணாம் வருஷத்துச் சரக்கு சார். ரெண்டாம் உலகப் போர்ல சிப்பாய்க்குக் குடுத்தது. தோல் வளையம் கோத்த பிடி. கம்பெனி பேரை அலகுலயே அடிச்சிருக்கான் பாருங்க, கொஞ்ச மாசம்தான் அப்படி அடிச்சாங்க. ஆயிரத்து இருநூறு போகும்."

ஆர்லோ கத்தியைப் பார்க்கவில்லை. வெர்லினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. காது மந்தம்."

"ஆயிரத்து இருநூறு. அசல்."

பக்கத்து மேஜையில் காய்ந்த மாட்டுக்கறி விற்கிற ராய்ஸ் எட்டிப் பார்த்தான். "யோவ் வெர்லின், உங்கிட்ட அசலா? உன் சரக்கைவிட என் கறிக்கு வயசு ஜாஸ்தின்னுல்ல நினைச்சேன்."

"உன் கறியைக் கடிச்சுத்தான் என் கடைவாய்ப் பல்லு போச்சு. வேலையைப் பாருய்யா."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க," என்றான் ஆர்லோ. "எனக்கு அவ்வளவு வேணாம். எண்ணூறு குடுங்க, போதும்."

வெர்லின் கத்தியை அவன் பக்கமே தள்ளினான். அவளிடம் வாங்கிய பணம் வண்டியின் கியர்பாக்ஸுக்குப் போய்விட்டது. இன்று மாலை மேஜை வாடகைக்கே தடுமாற்றம். "விக்காதீங்க சார். சுவத்துல மாட்டி வைங்க. இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது."

"சுவத்துல மாட்டினா மருந்துக் கடைக்காரன் மருந்து குடுப்பானா?"

"எங்கிட்ட இப்ப காசு இல்லையே. சந்தை படுத்துடுச்சு."

"இரு இரு." ராய்ஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். "ஆயிரத்து இருநூறு போறது எண்ணூறுக்கா? என் மச்சான் இதைத்தான் தேடி அலையறான். நான் எடுத்துக்கறேன்." பர்ஸைத் திறந்துவிட்டான்.

ராய்ஸின் மச்சானை வெர்லினுக்குத் தெரியும். ஷெரீஃப் ஆபீஸில் போலீஸ் வேலை, கத்தி விஷயத்தில் கரை கண்டவன். பார்த்த மறுநாளே வந்து சட்டையைப் பிடிப்பான். அசல் என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொன்னது வெர்லின்தானே.

நடீனைப் பார்த்தான். விரல் உதட்டிலேயே இருந்தது. கெஞ்சுகிற மாதிரிதான் அவனுக்குத் தெரிந்தது. நோயாளியின் மனசு ஒரு பக்கம், தன் பிழைப்பு ஒரு பக்கம். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"ராய்ஸ், பணத்தை உள்ள வை." மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியின் மேல் குனிந்தான். "அவசரப்பட்டுட்டேன் சார். அச்சு வச்சு அடிச்ச எழுத்துன்னா ஓரத்துல இரும்பு லேசா மேல எழும்பியிருக்கும். இது வழவழன்னு இருக்கு. அமிலம் ஊத்தி அரிச்சிருக்காங்க. பிடியில கறுப்பு வந்தது ஷூ பாலிஷால. போலி. நாப்பது டாலர் பெறாது."

சொல்லிவிட்டு ஆர்லோவின் முகம் இடிந்து போவதற்காகக் காத்திருந்தான். ஒரு நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டான்.

ஆர்லோ உட்காரவில்லை. காலுறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ஆமா. வாளியிலேர்ந்து எடுத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுது. இவகிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டேன்."

நடீன் உதட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அப்ப என் காசை எடுங்க."