பிஸ்கட் போட்டவர்

“யாரு இதுக்கு பிஸ்கட் கொடுத்தது?”

பூனை எடுத்த வாந்தியைச் செல்போன் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தபடி கேட்டார் கால்நடை டாக்டர். மேஜை மேல் முதுகெலும்பு துருத்திக்கொண்டு சுருண்டு கிடந்தது பூனை.

“குடல் உள்ளுக்குள்ள வீங்கியிருக்குன்னு ஸ்கேன்லயே காட்டினேன். எட்டு வாரம் நான் எழுதிக்கொடுத்த தீனி மட்டும்தான், வேற ஒரு துணுக்குகூட கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? அப்பத்தானே எது ஒத்துக்கலைன்னு தெரியும்? மூணு வாரமா வாந்தி நின்னிருந்தது. இப்ப மறுபடி முதல்லேர்ந்து!”

மகன் சட்டென்று அப்பாவைப் பார்த்தான். வீட்டில் பூனையைக் கண்டாலே முகம் சுளிப்பவர் அவர் ஒருத்தர்தான்.

மருமகள் பிறந்த வீட்டிலிருந்து தூக்கி வந்த பூனை அது. அதன் தலையைத் தடவியபடி அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அப்பா, நீங்களா?”

பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“ஆமா. காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. போனாப் போகுதுன்னு ரெண்டு போட்டேன்.”

“பிடிக்கலைன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே! இப்படியா கொல்லப் பார்ப்பீங்க?”

வெளியே காத்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து மருமகள் அந்தத் தீனியைத் தவிர வேறெதையும் பூனையின் தட்டில் வைக்கவில்லை. மாத்திரையும் வேளை தவறவில்லை.

எட்டு வாரம் ஓடியது. எடை அரை கிலோ கூடியிருந்தது. மேஜையில் நின்ற பூனை, டாக்டரின் பேனாவை ஒரே தட்டாகத் தட்டிவிட்டது.

“சபாஷ்! வாந்தி இல்ல, வயித்துப்போக்கு இல்ல. இது முழுசா விட்டுப்போற வியாதி இல்லம்மா. ஆனா இப்படியே கவனிச்சுக்கிட்டா நல்லாவே இருக்கும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்” என்ற டாக்டர், பெரியவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். “ஐயாவும் திருந்திட்டார் போல!”

மகனும் சிரித்தான். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“டாக்டர், மாமா ஒரு நாள்கூடக் கொடுத்ததில்ல. அது கெஞ்சறதைப் பார்த்து மனசு கேக்காம... போட்டது நான்தான்.”

மகன் திகைத்துப் போனான்.

“பின்ன ஏம்ப்பா அன்னைக்கு ஒத்துக்கிட்டீங்க?”

“அவ ஏற்கெனவே அழுதுக்கிட்டிருந்தாடா. எனக்கு உன் கத்தல் பழகினதுதானே!”