மூன்று ஊசிகள்

“சகலை, மலைப் பாதையில பயிற்சிக்குப் போறப்பல்லாம் எனக்கு முன்னாடி ஒருத்தன் ஓடுறான்,” என்று போனில் சிரித்தார் ஓட்டக்காரர். “நெஞ்சுல குத்த வேண்டிய நம்பர் அட்டையை முதுகுல குத்தியிருக்கான், கூமுட்டை! ஒரு மூலைக்கு ஊசியே இல்லாம படபடன்னு அடிச்சுக்குது.”

“பிடிச்சு நிறுத்திக் கேட்கிறதுதானே?”

“எங்கே! பாறை வளைவுல திரும்பினா ஆளைக் காணோம். கீழே அதல பாதாளம்.”

“நாளைக்கு அதே பாதையில நடக்கிற பந்தயத்துலயாவது அவனைப் பிடிச்சிடுங்க, சகலை!”

போனை வைத்தார். மனைவி அவருடைய பனியனை மடித்து எடுத்துவந்தாள்.

“இந்தாங்க, உங்க நம்பரைக் குத்திட்டேன். வீட்டுல மூணு ஊசிதான் இருந்துச்சு. ஒரு மூலை ஆடும், பரவாயில்லையா?”

பனியனைப் பிரித்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை.

திருப்பிப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை.